வாசல் விளக்கை யார் போட்டது?

“துப்பறிவாளரிடம் உதவியாளராகச் சேர இரண்டு தகுதி வேண்டும். ஒன்று, வாய். இன்னொன்று, அதை மூடத் தெரிவது. என்னிடம் ஒன்று இருக்கிறது.” - ஜெஸ்லின்

“ஆறுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு” என்றார் பெரியண்ணன்.

காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கும் அவருடைய வீட்டு ஹாலில், மூன்று பேரும் ஜன்னல் வழியாக ஒரு பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசல் பல்பு. இன்னும் எரியவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த மூன்று வருடத்தில் அடுத்தவர் புருஷனைப் பின்தொடர்ந்திருக்கிறேன், காணாமல் போன நாயைத் தேடி அலைந்திருக்கிறேன். பல்பைக் கண்காணிப்பது இதுவே முதல் தடவை. பல்பு எங்கும் ஓடாது என்பது ஒரு வசதி.

“வீட்ல வேற யாரும் இல்லையே?” என்று கேட்டார் என் முதலாளி ஆராவமுதன். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் அவருடைய ஆபீஸ். அதற்குப் பின்னால் இருக்கும் அறைதான் அவருடைய வீடு. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, காரணத்தை இதுவரை என்னாலும் துப்பறிய முடியவில்லை.

“யாரு இருக்கா சார், நான் ஒருத்தன்தான்” என்றார் பெரியண்ணன்.

பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி மயிலம்மாள் போன சித்திரையில் இறந்துவிட்டார். அதன்பின் ஒருநாள் இவர் இருட்டில் ஸ்விட்சைத் தடவித் தேடி, நாற்காலி தடுக்கி விழுந்திருக்கிறார். பெங்களூரில் இருக்கும் மகள் வேணி, உடனே ஆள் பிடித்து வீடு முழுக்க ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்ட வைத்தாள். பழைய ஸ்விட்ச் போர்டுக்குப் பதிலாகக் கண்ணாடிப் பலகை. விரலால் தொட்டால் எரியும், வீட்டு வை-ஃபை வழியாக ஃபோனிலிருந்தும் எரியும். அன்று முதல் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவருடைய வாசல் விளக்கு தானாக எரிகிறது. மற்ற எந்த விளக்கும் இல்லை, வாசல் மட்டும்.

“எம்பொண்ணு நம்ப மாட்டேங்குது. நானே போட்டுட்டு நானே மறந்துடறேனாம். ஞாயித்துக்கிழமை வருது. கோயமுத்தூர்ல வயசானவங்க இல்லத்துல இடம் பார்த்தாச்சு.” அவர் எங்களைப் பார்க்காமல் பல்பையே பார்த்துப் பேசினார். “எனக்குப் புத்தி நல்லா இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க சார். அது போதும்.”

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்.

ஆறு மணி நாலு நிமிடத்துக்கு வாசல் விளக்கு எரிந்தது.

சொல்லி வைத்த மாதிரிதான், ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சார் ஓடிப்போய்க் கண்ணாடிப் பலகையைத் தொட்டு அணைத்தார். மனத்துக்குள் எண்ணினார் போலிருக்கிறது, உதடு அசைந்தது. பன்னிரண்டு என்று வரும்போது விளக்கு மறுபடியும் எரிந்தது. சார் மறுபடி அணைத்தார். இந்த முறை ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு மெதுவாக யோசித்துப் போட்ட மாதிரி, திரும்ப எரிந்தது.

“டைமர் ரிப்பேர்” என்றேன்.

“டைமர் யோசிக்காது. முதல் தடவை பன்னெண்டு செகண்ட், ரெண்டாவது தடவை எழுபது. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கா. குழம்பிப் போயிருக்கா” என்றார் சார்.

எனக்கு முதல் சந்தேகம் மகள் மேல். அப்பாவைப் பயமுறுத்தி இல்லத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டை விற்கும் பெண்கள் ஊரில் இல்லையா என்ன? நானே ஃபோன் போட்டேன். வேணி எடுத்த எடுப்பில் அழுதுவிட்டாள்.

“எங்கிட்ட அந்த ஆப்பே இல்லைங்க. அப்பா சொல்றதை நம்பணும்னுதான் தீபாவளிக்கு லீவு போட்டு மூணு நாள் வந்து உட்கார்ந்திருந்தேன். ஒருநாள்கூட எரியலை. மூணு நாளும் சாயங்காலம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அதைப் பார்க்க முடியலைங்க என்னால.”

ஃபோனை வைத்தேன். இவளைச் சந்தேகப்பட்டதற்கு இரண்டு நாளாவது காபியில் சர்க்கரை போடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பெரியண்ணன் அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். தேதி, விளக்கு எரிந்த நேரம். ஸ்விட்ச் மாட்டிய நாளிலிருந்து ஏழு மாதத்துக்கும் வரிசையாக எழுதியிருந்தார். ஒர்க் ஷாப் கை அல்லவா, கோடு போட்டது போல எழுத்து. 6.02. 6.07. 5.58. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கால் மணி முன்னதாக.

“அணைஞ்ச நேரம் எழுதலையே?” என்றார் சார்.

“அது நான் அணைக்கிறதுதானே சார். ஒன்பதரைக்குப் படுக்கப் போவேன். வாசலுக்குப் போயி அணைச்சுட்டுப் படுப்பேன்.”

மூன்று இடத்தில்தான் நேரம் இல்லை. தீபாவளியை ஒட்டி மூன்று நாள் ‘எரியவில்லை’. கார்த்திகை தீபத்தன்று ‘எரியவில்லை’. பொங்கலன்று எரிந்திருக்கிறது, ஆனால் மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் நேரமே எழுதவில்லை. கோணல்மாணலாக ‘காய்ச்சல்’ என்று மட்டும்.

“பேய்க்குத் தீபாவளி லீவு உண்டு போல சார். பொங்கலுக்குத்தான் கிடையாது. எந்த டிபார்ட்மெண்ட் பேயோ?” என்றேன்.

நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சார் நோட்டை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“பெரியண்ணன், கார்த்திகைக்கு இந்தத் தெருவுல வாசல் லைட்டெல்லாம் எரிஞ்சுதா?”

“எங்க சார் எரியும்? அகல் வெச்சா லைட்டை அணைச்சுடுவாங்க. அப்பத்தானே வரிசை தெரியும். எங்க வீட்ல மட்டும்தான் அகலும் இல்லை, லைட்டும் இல்லை. துக்க வருஷம்.”

“டைமருக்குக் கார்த்திகை தெரியாது ஜெஸ்லின். திருட்டுப் பயலுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைன்னா முன்னாடியே விளக்கு வைக்கிற வீடு. அகல் ஏத்தினா லைட்டை அணைக்கிற வீடு. தீபாவளிக்கு மூணு நாள் பூட்டிண்டு அம்மா வீட்டுக்குப் போற பொண்ணு. அவ தன் வீட்டு வாசல் விளக்கைத்தான் போடறா. அது இங்கே எரியறது.”

பெரியண்ணன் எழுந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“பொண்ணுன்னா சொல்றீங்க சார்?” என்றார். பிறகு உட்கார்ந்து, இத்தனை நேரம் சொல்லாததைச் சொன்னார். “மயிலு இருந்த வரைக்கும் ஆறு மணிக்கு வாசல் லைட்டு அவதான் போடுவா. என்னைப் போட விடமாட்டா. நான்... மயிலுதான்னு நினைச்சுக்கிட்டிருக்கேன் சார். வேணிகிட்ட இதைச் சொல்லலை. சொன்னா இன்னும் மோசமாயிடும். கார்த்திகை அன்னைக்கு வரலையா, என்ன கோவமோன்னு ராத்திரி பூரா அழுதேன்.”

அவருக்கு வேண்டிய பேப்பரை நாங்கள் எழுதிக் கொடுத்தால், அதே பேப்பர் அவருடைய மனைவியை இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு போய்விடும். அது எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியாமலா இருக்கும்?

“இருந்தாலும் கண்டுபிடிங்க” என்றார் அவர்.

மெயின் பாக்ஸ் கதவில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ‘எஸ்.கே. ஸ்மார்ட் ஹோம்ஸ், துறையூர்’.

“சரத்குமாருன்னு ஒரு தம்பி. நல்ல பையன். நான்தான் முதல் கஸ்டமர்னான். எங்கேயோ இருக்கிற விளக்கு ஃபோன்ல எப்படிப்பா எரியும்னு கேட்டேன். இருங்க அப்பான்னுட்டு, இந்த வாசல் ஸ்விட்சையும் துறையூர்ல அவன் வீட்டு வாசல் ஸ்விட்சையும் ஃபோன்ல ஏதோ பண்ணிச் சேர்த்தான். என்னைத் தொடச் சொன்னான். தொட்டேன். உடனே வீட்டுக்காரிக்கு ஃபோன் போட்டான். ‘எரியுதா’ங்கறான், ‘எரியுதுங்க’ங்குது அந்தப் பொண்ணு. எனக்கு ஒரே ஆச்சரியம். மறுநாளே கத்தாருக்கு ஃப்ளைட்டுன்னு அவசரமா கிளம்பிட்டான்.”

சார் நெற்றியில் கை வைத்தார். “சேர்த்தானே, பிரிச்சானா?”

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அந்தக் கதைதான். இங்கே எதைத் தொட்டாலும் இரண்டு வீட்டு விளக்கும் மாறும். பெருமைக்குச் செய்து காட்டிய வித்தையைப் பிரிக்க மறந்துவிட்டு ஆள் விமானம் ஏறிவிட்டான். கீழ்ப்படி காட்டூரில், மேல்படி துறையூரில். நடுவில் ஐம்பது கிலோமீட்டர்.

ஸ்டிக்கரில் இருந்த நம்பர் வாட்ஸ்அப்பில் உயிரோடு இருந்தது. மூன்றாவது தடவை எடுத்தான்.

“காட்டூரா? ஆமாங்க, நான்தான் மாட்டினேன். இப்ப அந்தத் தொழிலே இல்லை. ஆப்பையே ஃபோன்லேருந்து எடுத்து ஆறு மாசமாச்சு.”

“உங்க வீட்ல ஒருதரம் பார்க்கணும். டிடெக்டிவ் ஆராவமுதன், ஸ்ரீரங்கம்.”

“பார்த்துக்குங்க. அட்ரஸ் அனுப்பறேன். ட்யூட்டி டைம் சார்.” வைத்துவிட்டான்.

“கேஸ் முடிஞ்சுது” என்றேன்.

“டிடெக்டிவ் ஒருத்தன் உன் வீட்டுக்குப் போறேன்னா நீ என்ன கேட்பே?”

“ஐயோ, வீட்ல என்ன ஆச்சுன்னு கேட்பேன்.”

“இவன் கேட்கலை” என்றார் சார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் எனக்கு. மண்ணச்சநல்லூர் தாண்டியது.

“நீங்களும் இந்த ஸ்விட்சு ஒண்ணு மாட்டிக்கலாம் சார். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே லைட்டு எரிஞ்சுகிட்டிருக்கும்” என்றேன்.

“எரிஞ்சா, உள்ளே யாரோ இருக்கான்னு தோணும். கதவைத் திறந்து பார்த்தா இருக்கமாட்டா. இருட்டுல சாவி தேடறது பழகிடுத்து ஜெஸ்லின்.”

வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நின்று லேட்டானதற்குத் திட்டும் அம்மா எனக்கு இருக்கிறாள். கடலை வாங்கியிருந்தேன், அதை அவரிடம் நீட்டினேன்.

துறையூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. சின்ன ஓட்டு வீடு, வாசல் சுவரில் மட்டும் காட்டூரில் பார்த்த அதே கண்ணாடிப் பலகை. உள்ளே தையல் மெஷின். சரத்குமாரின் மனைவி ஆனந்தவள்ளிக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டபடி வெளியே வந்தாள். சரத்குமார் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

“அவரு அனுப்பினாரா? வாங்க, உட்காருங்க. ஒரு நிமிஷம், விளக்கு வெச்சுட்டு வந்துடறேன்.”

மணி ஐந்து ஐம்பது. பின்கதவைச் சாத்தினாள், முன்கதவை அகலத் திறந்தாள், சாமி விளக்கை ஏற்றினாள், கடைசியாகக் கண்ணாடிப் பலகையைத் தொட்டாள். வாசல் விளக்கு எரிந்தது. சாரின் பையில் ஃபோன் அடித்தது.

“எரிஞ்சுடுச்சு சார்!” என்று காட்டூரிலிருந்து கத்தினார் பெரியண்ணன்.

வேலை முடிந்தது. எழுந்து வந்திருக்கலாம். சார் விஷயத்தை ஆரம்பிக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள்.

“அவரு எப்படிங்க இருக்காரு? ஆவணிக்கு அப்புறம் ஃபோனே இல்லை. வேலை அப்படி. ஆனா மறக்கலைங்க. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அங்கேருந்தே இந்த லைட்டை அணைச்சுடுவாரு.”

நான் சாரைப் பார்த்தேன். சார் தரையைப் பார்த்தார்.

“போறப்பவே சொன்னாரு, எங்க இருந்தாலும் நம்ம வீட்டு விளக்கு என் கையில இருக்கும்னு. நெட்டுக் கனெக்‌ஷன் எதுக்கு, எடுத்துடுன்னு எங்க அண்ணன் சொல்லுச்சு. நான் விடலை. எடுத்துட்டா அவரு எப்படி அணைப்பாரு?” அவள் சிரித்தாள். “நேத்து பாருங்க, ஆறு மணிக்கே ரெண்டு தடவை அணைச்சுட்டாரு. இதுவரைக்கும் அப்படிச் செஞ்சதில்லை. ஏதோ சொல்ல வர்றாருன்னு ராத்திரி பூரா ஃபோனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். காலையில யாராவது வருவாங்கன்னு தோணுச்சு. இப்ப வந்துட்டீங்க.”

அந்த இரண்டு தடவை அணைத்தது எங்கள் சோதனை. ஒரு ராத்திரி முழுக்க ஒருத்தியைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறோம், நான் ‘டைமர் ரிப்பேர்’ என்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கத்தாரில் இருக்கும் அந்த மகாராஜன் மேல் வந்தது அதைவிடப் பெரிது.

பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம் சார் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. முழுவதையும் சொன்னார். காட்டூர், பெரியண்ணன், மயிலம்மாள், பிரிக்க மறந்த இணைப்பு, கார்த்திகை. அவள் இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள், பிரித்துவிட்டு மறுபடி சுருட்டினாள். முடித்ததும் சார் அவளுடைய ஃபோனை வாங்கி, சரத்குமார் அதில் போட்டு வைத்திருந்த ஆப்பில் அந்த இடத்தைக் காட்டினார்.

“இதைத் தொட்டா ரெண்டு வீடும் பிரிஞ்சுடும். நீயே முடிவு பண்ணிக்கோம்மா.”

அவள் ஃபோனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் ரெண்டு நாளும் லைட்டு அணையவே இல்லைங்க. விடிய விடிய எரிஞ்சுது. நான் பயந்துட்டேன். அந்தப் பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?”

நோட்டில் இருந்த அந்தக் கோணல் எழுத்து என் கண்முன் வந்தது. காணும் பொங்கலுக்கு ஊரே முக்கொம்பு ஆற்றங்கரையில் புளியோதரை தின்றுகொண்டிருந்தபோது, காட்டூரில் ஒரு மனிதர் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். பெற்ற மகளுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. துறையூரில் இவள் ஒருத்தி பயந்திருக்கிறாள்.

“ஆமாங்க. காய்ச்சல்” என்றேன். “இப்ப நல்லா இருக்காரு.”

சனிக்கிழமை சார் பேப்பரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனந்தவள்ளி கேட்டதையும் சொன்னார். பெரியண்ணன் இரண்டு தடவை படித்தார்.

“அப்ப மயிலு இல்லை” என்றார்.

“இல்லை” என்றார் சார்.

அன்று சாயங்காலம் வாசல் விளக்கு எரியவில்லை. ஆறரை வரை பார்த்துவிட்டு பெரியண்ணன் நோட்டை எடுத்தார், எழுதாமலே திரும்ப வைத்தார். புத்தி சரியாக இருக்கிறது என்று நிரூபித்தாகிவிட்டது. அந்தச் சரியான புத்தியோடு இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது வாசலில் கார் நின்றது. பெட்டி கட்டியாகிவிட்டது. வேணி எங்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

“நம்பாததுக்கு மன்னிச்சுக்குங்கப்பா. நீங்க இங்கேயே இருக்கேன்னு சொன்னா இருக்கலாம்” என்றாள்.

“வேண்டாம்மா. போயிடலாம். இங்க யாரு இருக்கா?”

அவரே எழுந்து பெட்டியைத் தூக்கினார். ஜன்னல்களைச் சாத்தினார். மெயினை அணைக்க ஹாலின் கோடிக்கு நடந்தார். மணி ஆறு பத்து. ஆறு பதினொன்று. நான் அந்தப் பல்பைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

எரிந்தது.

வேணி “அப்பா!” என்று அலறிவிட்டாள். மெயின் பாக்ஸில் வைத்த கையை எடுக்காமல் பெரியண்ணன் திரும்பிப் பார்த்தார். விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது. நாங்கள் வியாழக்கிழமை செய்த அதே மாதிரி இரண்டு தடவை. துறையூரில் ஆனந்தவள்ளி இணைப்பைப் பிரித்திருக்கவில்லை.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பலகையை இரண்டு தடவை அணைத்துப் போட்டார். பிறகு அங்கேயே நின்றார்.

“அப்பா, டிரைவர் நிக்கிறாருப்பா” என்றாள் வேணி மெதுவாக.

“போகச் சொல்லும்மா” என்றார் பெரியண்ணன். “நான் வந்துட்டா, ஒன்பதரைக்கு இதை யாரு அணைக்கிறது?”